பதினொரு மணி நாற்பது நிமிடம் பறந்த விமானி

கட்டணம் 10,000 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 1,800 ரூபாய். ஆக 11,800 ரூபாய் கொடுத்து, 2025 ஜூன் முதல் நவம்பர் வரை ஆறு மாதத்துக்கு ஒரு சேவையை வாங்கினேன். விமான நிறுவனங்களுக்கு நான் போட்ட வேலை விண்ணப்பங்கள் என்ன ஆயின என்று எனக்காக விசாரித்துக்கொண்டே இருப்பதுதான் அவர்கள் வேலை. அலுவலகம் சென்னையில், மீனம்பாக்கத்துக்குப் பக்கம். மாடி வராந்தாவில் நின்றால் இறங்குகிற விமானங்களின் வயிறு தெரியும். வேலை தேடுகிற விமானியை அங்கே கொண்டுபோய் உட்கார வைப்பது ஒரு வகைக் கொடுமை.

நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அங்கே ஒரு பெரியவர் இருக்கிறார். அவருக்குச் சங்கடம் வரக்கூடாது. தவிரவும், இதே சரக்கை வேறு வேறு பெயர்ப்பலகைகளுக்குக் கீழே விற்கிறார்கள். எங்கே வாங்கினாலும் கவனிக்க வேண்டியவை இவைதாம் என்பதால் பெயர் இல்லாமலே எழுதுகிறேன்.

என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். ஊர் பாளையங்கோட்டை. அப்பா சப் போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கொஞ்சம் நிலம் விற்றும், மீதிக்கு வங்கியில் கல்விக் கடன் வாங்கியும் என்னை விமானப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். 2023 கடைசியில் வணிக விமானி உரிமம் கையில் வந்தது. அந்த ஒரே ஆண்டில் இந்திய விமானப் போக்குவரத்து இயக்ககம் கொடுத்த இத்தகைய உரிமங்கள் 1,622. அதுவரை எந்த ஆண்டிலும் அத்தனை கொடுத்ததில்லை என்று செய்தித்தாள்களில் பெருமையாகப் போட்டார்கள். அப்பா அதைக் கத்தரித்து வைத்திருக்கிறார். எனக்கு அந்த எண்ணைப் பார்த்தால் ரேஷன் கடை வரிசைதான் நினைவுக்கு வருகிறது.

உரிமத்துக்குக் குறைந்தது 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் விமானத்துக்கு நாமே பொறுப்பாளராக இருந்து ஓட்டியிருக்க வேண்டும். என் லாக் புக்கில் மொத்தம் 203:40. அதாவது 203 மணி 40 நிமிடம். பொறுப்பாளராக 112:20. இரட்டை எஞ்சின் விமானத்தில் 15:10. இந்த மூன்று எண்களையும் வாசகர்கள் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வருகின்றன.

இந்த வேலைக்கு விண்ணப்பிப்பது எப்படி என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நிறுவனத்தின் இணையதளத்தில் எப்போதோ ஒருநாள் துணை விமானி வேலைக்கான கதவு திறக்கும். சில நாளில் மூடிவிடும். அதற்குள் உரிமம், வானொலித் தொடர்புச் சான்றுகள், முதல் வகுப்பு மருத்துவச் சான்று, பாஸ்போர்ட், மதிப்பெண் பட்டியல்கள், லாக் புக்கின் கடைசிப் பக்கம் எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும். ஏற்றி முடித்ததும் ஒரு விண்ணப்ப எண்ணும், பதில் எழுத முடியாத முகவரியிலிருந்து ஒரு மின்னஞ்சலும் வரும். அதோடு சரி. உள்ளே போய்ப் பார்த்தால் 'பரிசீலனையில் உள்ளது' என்றிருக்கும். நான் 2024 மார்ச்சில் போட்ட ஒரு விண்ணப்பம் இன்றைக்கும் பரிசீலனையில்தான் இருக்கிறது. பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள்கூட இதைவிடச் சீக்கிரம் பதில் சொல்லிவிடுவார்கள்.

இந்த மௌனம்தான் அந்தச் சேவைக்கு முதலீடு. மௌனத்தைக் கலைத்துத் தருகிறோம் என்று சொல்கிறார்கள். நாமும் பணத்தைக் கட்டிவிடுகிறோம். வீட்டிலும் நெருக்கினார்கள். ஏர் இந்தியா 2023 பிப்ரவரியில் 470 விமானங்களுக்கும், இண்டிகோ அதே ஆண்டு ஜூனில் 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்த செய்தி எங்கள் தெருவில் எல்லாருக்கும் மனப்பாடம். "ஆயிரம் விமானம் வாங்குகிறார்கள், ஒன்றில்கூடவா உனக்கு இடமில்லை?" என்று அத்தை கேட்பார். ஆர்டர் கொடுத்த விமானங்கள் பல ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்து சேரும் என்று நான் விளக்குவேன். அடுத்த கல்யாண வீட்டில் அதே கேள்வியை மறுபடி கேட்பார். விடாமல் விசாரிப்பதில் அத்தைக்கு நிகரில்லை; அந்த நிறுவனம் அவரை வேலைக்கு எடுத்திருக்கலாம்.

சேவையின் விளம்பரத் தாளில் நான்கு வாக்குறுதிகள் இருந்தன. பயோடேட்டாவைத் திருத்தித் தருவது. எந்த நிறுவனத்தில் கதவு திறக்கிறது என்று உடனே தகவல் சொல்வது. விண்ணப்பித்தபின் வாரம் தவறாமல் நிறுவனங்களுக்கு நினைவூட்டல் அனுப்பி, எனக்கு அறிக்கை தருவது. விமானத் துறையில் அனுபவமுள்ள ஒருவருடன் ஒரு மணி நேர ஆலோசனை. வேலை வாங்கித் தருகிறோம் என்று அவர்கள் சொல்லவில்லை. அந்த நேர்மையைக் குறிப்பிட வேண்டும். இந்தத் துறையில் 'உங்களைத் தேர்வு செய்துவிட்டோம், வைப்புத்தொகை கட்டுங்கள்' என்று போலி முகவரியிலிருந்து கடிதம் அனுப்பிப் பணம் பறிக்கிறவர்கள் உண்டு. இவர்கள் அந்த ரகமில்லை. ரசீது கொடுத்தார்கள், ஜிஎஸ்டி எண் இருந்தது, காபி கொடுத்தார்கள்.

பயோடேட்டாத் திருத்தம் நன்றாகவே செய்தார்கள். இரண்டு பக்கத்தில் இருந்ததை ஒரு பக்கமாக்கி, மேலேயே உரிமம், மருத்துவச் சான்று, பறந்த மணி நேரம் மூன்றையும் தேதியோடு போட்டார்கள். பள்ளியில் பேச்சுப் போட்டியில் வாங்கிய பரிசை எடுத்துவிட்டார்கள். எனக்கு வருத்தம்தான், ஆனால் செய்தது சரி. கதவு திறக்கும் தகவலில் குறையுமில்லை, நிறையுமில்லை. என் பயிற்சித் தோழர்களின் வாட்ஸப் குழுவில் அதற்கு முந்தைய நாளே அது வந்திருக்கும்.

சேர்ந்த அன்றே ஒரு படிவம் கொடுத்தார்கள். ஒவ்வொரு விமான நிறுவனத் தளத்திலும் நான் வைத்திருக்கும் கடவுச்சொல், இயக்ககத்தின் இஜிசிஏ தளத்தின் கடவுச்சொல் எல்லாவற்றையும் எழுதக் கட்டம் போட்டிருந்தது. இஜிசிஏ என்பது என் உரிமமும் மருத்துவ அறிக்கையும் இருக்கிற இடம். ஏறக்குறைய என் ஜாதகம். அதைக் கொடுக்க மாட்டேன் என்றேன். "பரவாயில்லை மேடம், மற்றதைக் கொடுங்கள்" என்றார் அந்தப் பையன். கொடுத்தேன். இந்த மதிப்புரையில் நான் செய்த பெரிய முட்டாள்தனம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் அதுதான்.

இனி நினைவூட்டல். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஒன்பது நிறுவனங்களுக்கு என் பெயரில் மின்னஞ்சல் போகும். மாலையில் எனக்கு ஒரு பிடிஎஃப் அறிக்கை வரும்: அனுப்பியது ஒன்பது, பதில் சுழியம், அடுத்த நினைவூட்டல் அடுத்த திங்கள். அறிக்கை பார்க்க அழகாக இருக்கும், பச்சை நிறத்தில் வட்டப்படம்கூட உண்டு. முதல் இரண்டு வாரம் எனக்கே ஒரு தெம்பு வந்தது. நம் சார்பில் யாரோ கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைப்பு ஒரு சுகம்தான்.

ஆறாவது வாரம் முதல்முறையாக ஒரு பதில் வந்தது. ஒரு நிறுவனத்தின் ஆள்சேர்ப்புப் பிரிவிலிருந்து, இரண்டே வரி. என் மின்னஞ்சலில் உள்ள பறத்தல் விவரங்களை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளும்படி பணிவாகச் சொல்லியிருந்தார்கள். நான் அனுப்பாத கடிதத்தில் எதைச் சரிபார்ப்பது? சேவைக்காரர்களிடம் சொல்லி, அனுப்பிய கடிதத்தின் நகலை வாங்கினேன். அதில் இப்படி இருந்தது: மொத்தப் பறத்தல் 11:40. பொறுப்பாளராக 16:20. இரட்டை எஞ்சின் 15:10.

மொத்தமே பதினொரு மணி நாற்பது நிமிடம் பறந்த ஒருத்தி, அதில் பதினாறு மணி இருபது நிமிடம் விமானத்துக்குப் பொறுப்பாளராக இருந்திருக்கிறாள். பதினொரு மணி நேரத்தில் பயிற்சி மாணவர் பலரைத் தனியாகப் பறக்கவே விடமாட்டார்கள்.

எங்கிருந்து வந்தன இந்த எண்கள் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அவர்கள் எல்லா வாடிக்கையாளர்களின் விவரத்தையும் எக்செல் தாளில் வைத்திருக்கிறார்கள். மணி நேரத்துக்கான கட்டத்தைக் கடிகார நேரம் போல அமைத்துவிட்டார்கள். கடிகாரத்துக்கு 24க்கு மேல் கணக்கு கிடையாது. 203:40 என்று போட்டால் அதை எட்டு நாளும் பதினொரு மணி நாற்பது நிமிடமும் என்று எடுத்துக்கொண்டு, எட்டு நாளை விழுங்கிவிட்டு மீதியைக் காட்டும். 112:20இல் நான்கு நாளை விழுங்கினால் 16:20. இரட்டை எஞ்சின் நேரம் 24க்குள் இருந்ததால் அது மட்டும் தப்பித்தது. அந்த எட்டு நாளுக்குத்தான் எங்கள் நிலம் போயிற்று.

ஐந்து திங்கட்கிழமைகள், ஒன்பது நிறுவனங்கள், நாற்பத்தைந்து கடிதங்கள். இதைக் கண்டுபிடித்து எழுதிய ஒரே ஓர் ஊழியருக்கு இன்றும் மனத்துக்குள் நன்றி சொல்கிறேன். மற்ற எட்டு இடங்களிலும் யாரும் படிக்கவில்லை என்பதே எனக்கு ஆறுதல். 'யாருமே படிக்காததால் பிழைத்தேன்' என்று ஒரு சேவையைப் பற்றி எழுத வேண்டியிருப்பது வேடிக்கைதான். அவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள், கட்டத்தைத் திருத்தினார்கள். என்னைப் போல எத்தனை பேர் அந்தத் தாளில் பத்து மணி நேர விமானிகளாக அலைந்தார்கள் என்று கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை.

இரண்டாவது சம்பவத்தில் வேடிக்கை இல்லை. என் தொடர்பு மின்னஞ்சலாகத் தங்கள் முகவரியையே இரண்டு நிறுவனத் தளங்களில் அவர்கள் மாற்றியிருந்தார்கள். 'கண்காணிக்க வசதியாக இருக்கும்' என்பதுதான் காரணம். செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை அதில் ஒரு நிறுவனத்திடமிருந்து கணினித் தேர்வுக்கான இணைப்பு வந்திருக்கிறது. நினைவாற்றல், கவனம், இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் செய்கிற திறன் இவற்றையெல்லாம் பார்க்கிற தேர்வு, வீட்டிலிருந்தே எழுதலாம். இணைப்புக்கு 72 மணி நேரம்தான் ஆயுள். சனி, ஞாயிறு அவர்கள் அலுவலகம் விடுமுறை. திங்கட்கிழமை அந்தப் பையன் காய்ச்சலில் வரவில்லை. செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு எனக்கு அனுப்பி, 'வாழ்த்துகள் மேடம்' என்று ஒரு கைதட்டும் படமும் சேர்த்திருந்தார். இணைப்பைத் திறந்தேன். காலாவதி என்றது.

அன்று அம்மா மதியம் வைத்த சோறு ராத்திரிவரை அப்படியே இருந்தது. அதற்குமேல் இதைப் பற்றி எழுதத் தோன்றவில்லை.

சண்டை போடத்தான் மறுநாள் சென்னைக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினேன். போய்ச் சேர்ந்தபோது உரிமையாளர் இல்லை. நான்கு வாக்குறுதிகளில் பாக்கியிருந்த ஒரு மணி நேர ஆலோசனையை இப்போது வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். என்னைச் சமாதானப்படுத்தும் உத்தி என்று தெரிந்தும் உட்கார்ந்தேன். அங்கேதான் அந்தப் பெரியவர் வந்தார். ஒரு விமான நிறுவனத்தில் விமானிகளுக்குப் பணி நேரம் ஒதுக்கும் பிரிவில் பல காலம் இருந்தவர். அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா. என் திங்கட்கிழமைக் கடிதங்களை எல்லாம் பிரித்து மேசையில் சீட்டுக்கட்டுப் போலப் பரப்பினார். ஒன்றின்மேல் ஒன்றை வைத்துத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். தேதியைத் தவிர ஓர் எழுத்துகூட வேறுபடவில்லை.

"இதில் புதிதாக என்னம்மா இருக்கிறது?" என்று கேட்டார்.

"நான் இன்னும் ஆர்வமாக இருக்கிறேன் என்று தெரியப்படுத்துவதற்கு, சார்."

"வேலை இல்லாத விமானி ஆர்வமாக இருப்பாள் என்று அவர்களுக்குத் தெரியாதா?"

பிறகு அந்தப் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று சொன்னார். விமானியை எடுக்கும் எண்ணிக்கையை ஆள்சேர்ப்புப் பிரிவு தானாக முடிவு செய்வதில்லை. பயிற்சிப் பிரிவு எத்தனை பேரைத் தாங்கும் என்பதைப் பொறுத்தது. சிமுலேட்டரில் எத்தனை மணி நேரம் கிடைக்கும், பயிற்சி தரும் கேப்டன்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் ஓர் அணிக்கு இத்தனை பேர் என்று கேட்பார்கள். 2017 விதிப்படி துணை விமானி வேலையை விட்டுப் போக ஆறு மாதமும் கேப்டன் ஓர் ஆண்டும் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். ஆகவே யார் போகிறார்கள், எப்போது இடம் காலியாகும் என்பது அவர்களுக்கு முன்கூட்டியே தெரியும். நாம் கடிதம் எழுதுவதால் ஒரு சிமுலேட்டர் கூடிவிடாது.

"ஆனால் அணிக்கு ஆள் வேண்டும் என்று கேட்டு வரும் நாளில், கையில் இருக்கும் பட்டியலைச் சல்லடையில் போடுவார்கள். மருத்துவச் சான்று செல்லுபடியாகிறதா, இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் உயிரோடு இருக்கிறதா, பாஸ்போர்ட் இருக்கிறதா. அன்றைக்கு உன் கோப்பில் பழைய தேதி இருந்தால் நீ கீழே விழுந்துவிடுவாய். ஏன் விழுந்தாய் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கடிதம் எழுத வேண்டிய காரணம் அது ஒன்றுதான்."

எனக்குச் சுருக்கென்றது. இந்த வேலையில் நாற்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு முதல் வகுப்பு மருத்துவச் சான்று ஓர் ஆண்டுக்குத்தான். இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும், அதாவது வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் தகுதியும், ஓர் ஆண்டுக்குத்தான். நான் இரண்டையும் புதுப்பித்துத்தான் வந்திருந்தேன். ரேட்டிங் சோதனைக்கு மட்டும் போன முறை ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் ஆனது. ஆனால் 2024இல் போட்ட விண்ணப்பங்களில் 2024இன் சான்றுகளே கிடந்தன. புதியவற்றை ஏற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. வாரம் தவறாமல் என் சார்பில் கதவைத் தட்டியவர்களுக்கும் தோன்றவில்லை.

இன்னும் சில சொன்னார். தலைப்பு வரியில் விண்ணப்ப எண்ணும் பெயரும் இருக்க வேண்டும். 'அவசரம்', 'பணிவான வேண்டுகோள்' எதுவும் வேண்டாம். புதிதாகச் சொல்ல ஏதாவது இருந்தால் மட்டும் எழுது, அதற்கும் முந்தைய கடிதத்துக்கும் ஆறு வாரமாவது இடைவெளி இருக்கட்டும். உள்ளே வேலை பார்க்கும் தெரிந்தவர் பரிந்துரைத்தால் அதையும் விண்ணப்ப எண்ணோடு பரிந்துரைக்கச் சொல். கணினித் தேர்விலோ நேர்முகத்திலோ தோற்றால் மறுபடி விண்ணப்பிக்க ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு காத்திருப்புக் காலம் உண்டு; அதற்குள் எழுதி எழுதி அவர்கள் மனத்தில் பதிந்துவிடாதே. நேரில் போகலாமா என்று கேட்டேன். சிரித்தார். எனக்கும் பதில் தெரியும்: என்னோடு பயிற்சி பெற்ற ஒருவன் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் டில்லி போய், மெட்ரோவில் குருகிராம் போய், ஒரு தலைமை அலுவலக வாசலில் பயோடேட்டாவோடு நின்றான். காவலர் தண்ணீர் கொடுத்து, இணையதளத்தில் போடும்படி சொல்லி அனுப்பினார். டில்லியில் செங்கோட்டை பார்த்துவிட்டு வந்தான்.

பழைய கதைகளையும் சொன்னார். 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றபோதும், 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நின்றபோதும், ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவர்கள் ஒரே நாளில் தெருவுக்கு வந்தார்கள். அவர்களும் நாங்களும் ஒரே வாசலில். கோ ஃபர்ஸ்ட்டின் ஏர்பஸ் 320 விமானிகளை எடுத்தால் புதிதாக அந்த ரகத்துக்குப் பழக்க வேண்டியதில்லை. 200 மணி நேரக்காரியை எடுத்தால் எல்லாம் முதலிலிருந்து. நீ எழுதிய கடிதம் சரியில்லை என்று நினைத்து ராத்திரி தூங்காமல் இருக்காதே, சில ஆண்டுகளில் கடிதம் ஒரு பொருட்டே இல்லை என்றார்.

ஒரு மணி நேரம் என்று போட்டிருந்தது, இரண்டேகால் மணி நேரம் பேசினார். சண்டை போட மறந்து ஊர் திரும்பினேன். பிறகு போனில் போட்டேன்.

ஊருக்கு வந்ததும் எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றி, தொடர்பு முகவரியை என்னுடையதாக்கி, திங்கட்கிழமைக் கடிதங்களை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தவே இரண்டு திங்கட்கிழமை ஆயிற்று. அப்பா கடைத்தெருவிலிருந்து அறுபது ரூபாய்க்கு ஒரு நீள நோட்டு வாங்கிவந்து, அஞ்சலகப் பதிவேடு மாதிரி கோடு கிழித்துக் கொடுத்தார். தேதி, யாருக்கு, விண்ணப்ப எண், என்ன புதிது, ஒப்புகை. கடைசிக் கட்டத்தில் அவருக்குத் தனி அக்கறை. பதிவுத் தபாலும் ஒப்புகை அட்டையுமாக வாழ்ந்தவர்; 2025இல் பதிவுத் தபாலையே ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள் என்பதில் அவருக்கு இன்னும் மனக்குறை. பதில் எழுத முடியாத முகவரியிலிருந்து வரும் மின்னஞ்சலை ஒப்புகையாக எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். கையெழுத்து இல்லையே என்றார்.

'என்ன புதிது' என்ற கட்டம் நிரம்பினால்தான் கடிதம். அந்த நோட்டில் நான்கு மாதத்தில் எட்டு வரிகள்தான் இருக்கின்றன. நவம்பரில் ரேட்டிங்கைப் புதுப்பித்தபின் எழுதிய கடிதத்தைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: 'விண்ணப்ப எண் இது. ஏற்கெனவே கொடுத்த விவரத்தில் மாற்றம்: இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் இந்த மாதம் புதுப்பிக்கப்பட்டது, சான்று இணைப்பில். மொத்தப் பறத்தல் 205 மணி 10 நிமிடம். மருத்துவச் சான்று 2026 பிப்ரவரி வரை செல்லும்.' மணியையும் நிமிடத்தையும் எழுத்திலேயே போட்டுவிட்டேன். எக்செல்லை நான் இனி நம்புவதில்லை.

டிசம்பரில், விமானிகளின் ஓய்வு நேர விதிகள் கடுமையானதை ஒட்டி இண்டிகோ விமானங்கள் நாள்தோறும் நூற்றுக்கணக்கில் ரத்தானபோது, அத்தை போன் செய்தார். "விமானி இல்லாமல் விமானம் நிற்கிறதாம், டிவியில் காட்டுகிறார்கள். இப்போது கேள்." இன்றைக்கு என்னை எடுத்தாலும் ஏர்பஸ்ஸில் உட்கார வகுப்பு, சிமுலேட்டர், ஆளில்லாத விமானத்தில் ஏறி இறங்கும் பயிற்சி, பிறகு பயிற்சிக் கேப்டனுக்குப் பக்கத்தில் பயணிகளோடு பறப்பது என்று மாதக்கணக்கில் ஆகும் என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டார். எழுதி வைத்துக்கொண்டதாகவும் சொன்னார். எதற்கென்று தெரியவில்லை.

அதே மாதம் ஒரு நிறுவனத்திடமிருந்து கணினித் தேர்வுக்கு இணைப்பு வந்தது, இந்த முறை எனக்கே. எழுதினேன், தேறினேன். என் கடிதத்தால்தான் வந்தது என்று சொன்னால் பொய்யாகும். அதே வாரம் என் பயிற்சித் தோழர்கள் மூவருக்கும் வந்தது. அதில் ஒருவன் வாழ்நாளில் ஒரு நினைவூட்டல்கூட அனுப்பாதவன். ஆனால் தேறியபின் சான்றுகளைச் சரிபார்த்த இடத்தில் அவன் நின்றுவிட்டான். ரேட்டிங் அக்டோபரிலேயே முடிந்திருந்தது. புதுப்பிக்கப் பணம் புரட்டிக்கொண்டிருந்தான். எனக்கு 'நேர்முகத் தேர்வுக்கு அழைக்கப்படுவீர்கள்' என்று வந்திருக்கிறது. எப்போது என்று இல்லை.

சேவைக்கு மதிப்பெண் போட வேண்டுமானால் ஐந்துக்கு இரண்டு. பயோடேட்டாவுக்கு அரை, பெரியவருக்கு ஒன்றரை. அவருடைய ஆலோசனையை மட்டும் தனியாக விற்றால் இரண்டாயிரம் ரூபாய் கொடுத்து வாங்குங்கள் என்று எல்லாரிடமும் சொல்வேன். உரிமையாளரிடம் இதைச் சொன்னேன், 'அது தொகுப்பில்தான் வரும்' என்றார். கட்டணத்தில் பாதியைத் திருப்பித் தரும்படி அக்டோபரில் எழுதிக் கேட்டேன். என் கோரிக்கை பரிசீலனையில் உள்ளதாம். அப்பா நோட்டில் அதற்கும் ஒரு வரி எழுதியிருக்கிறார். 'என்ன புதிது' கட்டம் காலியாக இருப்பதால் மறுபடி எழுதவில்லை. பணம் வந்தால் இந்த மதிப்புரையில் சேர்க்கிறேன்.

உரிமம் வாங்கி ஓரிரு மாதமே ஆனவர்களுக்கு, சான்றுகளெல்லாம் புதிதாக இருக்கும்போது, இது வீண் செலவு. வேலைக்குப் போய்க்கொண்டே இதையும் தேடுகிறவர்களுக்கு யாராவது நாட்களைக் கவனித்துக்கொண்டால் நல்லதுதான். ஆனால் நாட்களைக் கவனிப்பதற்குப் போனில் நினைவூட்டும் மணி இருக்கிறது. எதை வாங்கினாலும் கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள், தொடர்பு முகவரியை மாற்ற விடாதீர்கள், உங்கள் பெயரில் போகும் ஒவ்வொரு கடிதத்தின் நகலும் போகும் முன்பே உங்களுக்கு வர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.

என் மருத்துவச் சான்று பிப்ரவரியில் முடிகிறது. அதுவரை காத்திருக்காமல் இந்த மாதமே பெங்களூரில் பரிசோதனைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா தோசைக்கு மிளகாய்ப்பொடி தடவிக் கட்டித் தருவதாகச் சொல்கிறார், ரத்தம் எடுத்து முடித்ததும் சாப்பிட. நோட்டில் அப்பா தேதியை மட்டும் எழுதி, பக்கத்துக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறார்.